ஷெவெல் காருக்குக் கியர் மாற்றிய விஷயம்

சாகினா, மிச்சிகன்
செப்டம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் டெனீஸுக்கு அம்மா எழுதுவது. நீயும், உன் ஆஸ்பத்திரி வேலையும், உன் பால்கனியில் வந்து குடியேறிவிட்டதாகச் சொன்னாயே அந்தக் கத்துகிற பறவையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம். வழக்கத்துக்காக எழுதுகிற நலம் இல்லை இது. போன பிப்ரவரியில் அப்பாவின் இடது காலை எடுத்தார்களே, அதற்குப் பிறகு முதல் தடவையாக மனசார எழுதுகிறேன், நலம் என்று. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் பிரமாதம் என்று அவரே பதில் சொல்லிவிடுகிறார். அப்படி அவர் பிரமாதம் பிரமாதம் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். இப்போது அந்த நாட்கள் போய்விட்டன, அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் உனக்குப் பிடிக்காத செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஷெவெலின் கியர்பாக்ஸைக் கழற்றியாகிவிட்டது. கிளட்ச் பெடலும் இல்லை. எழுபதாம் வருஷத்து வண்டி இப்போது ஆட்டோமேட்டிக்காக ஓடுகிறது. என்ன ஆனாலும் கையால் மாற்றுகிற அந்த நாலு கியரை மட்டும் யாரையும் தொட விடாதேம்மா என்று நீ என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. அதில்தானே நீ ஓட்டப் பழகினாய், சர்ச் மைதானத்தில் வண்டி குதிரை மாதிரி குதித்துக் குதித்து நின்றதும், அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் எனக்கும் நினைவிருக்கிறது. கோபப்படாமல் கடைசி வரை படி, பிறகு திட்டுவதானால் என்னைத் திட்டு. முதலில் அந்தப் பேச்சை எடுத்தது நான்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பா ஷெட் பக்கமே போகவில்லை. அத்தனை வருஷமாக அவரும் டுவெயின் சித்தப்பாவும் சனிக்கிழமை தவறாமல் அந்த வண்டியைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்களே, ஒரு திருகாணி கூட அந்தக் காலத்துத் திருகாணியாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மாநிலம் மாநிலமாக அலைந்தார்களே, அந்த மனுஷர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. முட்டிக்கு மேலே எடுத்துவிட்டதால் அந்தச் செயற்கைக் காலை வைத்து நடக்கத்தான் முடிகிறது, அந்தக் கனமான கிளட்சை மிதிக்க முடியாது. வண்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது, பெயிண்ட் கூட அடித்தாயிற்று, ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. சித்தப்பா மட்டும் சனிக்கிழமை வந்து, தனியாக எதையாவது துடைத்துவிட்டுப் போவார்.

மே மாதத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் நான் மெதுவாகச் சொன்னேன், ஆட்டோமேட்டிக் போட்டால் வலது கால் ஒன்றே போதுமே, வெண்டெல், நீயே ஓட்டலாமே என்று. சித்தப்பா கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணி, சர்ச் மணியைக் கழட்டிட்டு அங்க ஒரு காலிங் பெல் மாட்டலாம்னு சொல்ற மாதிரி இருக்கு. இந்த என்ஜினும் இந்தக் கியரும் ஒண்ணாப் பொறந்தது. ரெண்டுலயும் ஒரே நம்பர் குத்தியிருக்கான். பிரிச்சா அது வெறும் பழைய வண்டி" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏதாவது ஜோக் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு வெட்டினது போதும் நோரீன். எனக்காக அதையும் வெட்ட வேண்டாம்" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு யார் சாப்பிட்டது சொல். சுட்ட இறைச்சி அப்படியே இருந்தது, மறுநாள் தூக்கிப் போட்டேன்.

அவருக்குள் இன்னொன்றும் இருந்தது, அது உனக்கும் தெரியும். ஊரில் யாராவது பழைய வண்டிக்குப் புது பிரேக்கோ புது ஸ்டியரிங்கோ போட்டால் போதும், அதை மாதக்கணக்கில் கேலி பண்ணுகிறவர் உன் அப்பா. எதிர்வீட்டுக்காரரின் காமாரோ காரை மிக்ஸி என்று கூப்பிட்டவர். அவரே எப்படி நாலு பேர் முன்னால் அதைச் செய்வார். அதனால் நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஆனால் அவர் எனக்குத் தெரியாமல் வேறொன்று செய்திருக்கிறார் என்பது ஜூனில்தான் தெரிந்தது. டென்னஸியிலிருந்து ஹாட்சர் என்று ஒருவர் போன் பண்ணி, வண்டியைப் பார்க்க எப்போது வரட்டும் என்று என்னிடம் கேட்கிறார். அப்பா வண்டியை விலை பேசியிருக்கிறார் டெனீஸ். வண்டி போவது பற்றிக் கவலை இல்லை, வண்டியும் போய்விட்டால் இந்த மனுஷருக்கு அந்த நாற்காலிதான் மிச்சம் என்று தோன்றியது. உடனே சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் செருப்போடு ஓடி வந்தார், வந்ததும் வராததுமாகக் கூடத்தில் நின்றுகொண்டு கத்தினார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு என்று. அப்பா குரலே உயர்த்தவில்லை. "நீதானேடா தொடவே கூடாதுன்ன? தொடாம வெச்சுக்கிற ஆளாப் பார்த்துத்தான் குடுக்கறேன். உனக்கு என்ன குறை?" என்றார். சித்தப்பா போய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஹாட்சர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மரியாதையான மனிதர், கையில் ஒரு சின்ன டார்ச்சும் பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு கண்ணாடியும். வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துவிட்டு எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. இப்படி ஒரு வண்டியைப் பார்த்ததே இல்லை என்று சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா ஊன்றுகோலோடு ஷெட் வாசலில் நின்றார், அன்றைக்குத்தான் அவர் அங்கே மறுபடி கால் வைத்தது. நீங்க எந்தப் பக்கமெல்லாம் ஓட்டுவீங்க, மலைப் பக்கம் போவீங்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஹாட்சர் சிரித்தார். "ஓட்டறதா? ஐயோ, இதையா? கண்ணாடி போட்டு ஒரு கட்டடமே கட்டியிருக்கேங்க. டிரெய்லர்ல ஏத்திக் கொண்டுபோய் நிறுத்தினா, அப்புறம் என்ஜின் எண்ணெயைக் கூட வடிச்சிருவேன். சத்தமே இல்லாம நூறு வருஷம் இருக்கும்." அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அப்பா வண்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரிடம், "உங்களை இவ்வளவு தூரம் வரவெச்சுட்டேன், தப்பா நினைக்காதீங்க. எனக்குப் போனது ஒரு கால்தான். நீங்க இதோட நாலு சக்கரத்தையும் எடுத்துருவீங்க போலிருக்கே. இது விக்கறதுக்கில்ல" என்றார். ஹாட்சருக்கு ஏமாற்றம்தான், ஆனால் கோபிக்கவில்லை. நான் அவரை உட்கார வைத்து செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரமும் காபியும் கொடுத்து அனுப்பினேன்.

அவர் கார் திருப்பத்தில் மறைந்த பிறகு மூன்று பேரும் ஷெட்டில் அப்படியே நின்றோம். அப்பாதான் பேசினார், யாரையும் பார்க்காமல், "டேய் டுவெயின், ஓட்டை போடாம ஒரு ஆட்டோமேட்டிக் உள்ள போகுமா?" என்றார். சித்தப்பா அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். நான் பயந்தேன், இவர் இப்போது வெளியே வந்து முடியாது என்று சொன்னால் அவ்வளவுதான் என்று. கடைசியில் அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "போகும். ஆனா ஒண்ணு, நான் சொல்ற மாதிரிதான் செய்யணும். எதையும் வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. எப்ப வேணா பழையபடி ஆக்கற மாதிரி இருக்கணும். அப்படின்னா நானே செய்யறேன். வேற எவனாவது கை வெச்சா கையை ஒடிப்பேன்." அப்பா, ஒடிச்சா ஒடி, ஒரு கால் இல்லாத எனக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைப்பான் என்றார். டெனீஸ், அந்த மனுஷர் ஜோக் அடித்து எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா. நான் உள்ளே போய் உருளைக்கிழங்கு உரிக்கிற சாக்கில் அழுதேன்.

அந்தக் கோடை முழுக்க வீட்டில் கிரீஸ் வாசம்தான். பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் அதே கம்பெனியின் ஆட்டோமேட்டிக் ஒன்றைச் சித்தப்பா தேடிப் பிடித்தார். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டார்கள், அது என் பிடிவாதம், நிற்காத வண்டியில் நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிளட்ச் பெடல் பார்க்கவாவது இருக்கட்டுமே என்று சித்தப்பா கெஞ்சினார், செயற்கைப் பாதம் அதற்கடியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன், அதுவும் போயிற்று. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகக் கழுவிக் கொடுத்தார், தினமும் சண்டை, தினமும் சிரிப்பு. கழற்றிய உன் நாலு கியரை எண்ணெயில் துடைத்து, கிளட்சோடு சேர்த்து, மரப்பெட்டி செய்து உள்ளே வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். பெட்டி மேல் சித்தப்பா கறுப்பு பெயிண்டில் உன் பெயரை எழுதியிருக்கிறார். உனக்கு வேண்டுமானால் ஒரு நாள் நீயே திரும்ப மாட்டிக்கொள், அவர் கூட நின்று செய்து தருவாராம்.

முதல் தடவை வெளியே எடுத்தபோது சித்தப்பா பின்னாலேயே தன் பிக்கப்பில் வந்தார், காவலுக்கு வருகிற போலீஸ் மாதிரி. தெருமுனையில் நிறுத்தக் கோட்டில் அப்பா வண்டியை நிறுத்தினார், நின்றது, அழகாக நின்றது. ஆனால் அவர் இடது தொடை தானாக ஒரு அசைவு அசைந்தது. "இல்லாத கால் இல்லாத கிளட்சைத் தேடுது பாரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பின்னாலிருந்த யாரோ ஹாரன் அடித்தார்கள், வேறு யார், சித்தப்பாதான். இன்னொரு கூத்தையும் கேள். சாயங்காலம் திரும்பி வரும்போது எதிரில் வருகிறவர்கள் எல்லாம் விளக்கை விளக்கை அணைத்துக் காட்டுகிறார்கள். வண்டியைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து இரண்டு பேரும் ராஜா ராணி மாதிரி கையசைத்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் விளக்கு அவர்கள் கண்ணைக் கூசவைத்திருக்கிறது, அதைத் தாழ்த்துகிற பொத்தான் அந்தக் காலத்து வண்டியில் தரையில், இடது காலுக்கு அடியில் இருக்கிறது. எல்லாவற்றையும் யோசித்த மகானுபாவர்கள் இரண்டு பேரும் அதை மட்டும் மறந்துவிட்டார்கள். இப்போது அதைக் கைக்கு எட்டுகிற மாதிரி மேலே கொண்டு வந்தாயிற்று.

ஆகஸ்டில் ஆற்றங்கரைப் பூங்காவில் பழைய கார்கள் கூடுகிற நாளுக்கும் போனோம். எனக்கு உள்ளூரப் பயம், இத்தனை வருஷம் இவர் கேலி பண்ணின ஆட்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். நினைத்தபடியே தொப்பி போட்ட ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார். "அடடா, அசல் நாலு கியர் வண்டியை இப்படிப் பாழ் பண்ணிட்டீங்களே" என்றார். அப்பா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தார். நிதானமாக மென்று முழுங்கிவிட்டு, "உங்களுக்கு ரெண்டு காலும் இருக்கில்ல?" என்று கேட்டார். அந்த ஆள் இருக்கே என்றார். "அப்ப நீங்க அசலாவே வெச்சுக்குங்க" என்று பேன்ட்டைத் தூக்கி அந்த அலுமினியக் காலைக் காட்டினார். அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்த்துச் சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது. பிறகு அந்தத் தொப்பிக்காரரே போய் அப்பாவுக்கு ஒரு லெமனேட் வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை பிரேக் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முட்டியும் சரியில்லையாம்.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றுமில்லை. தக்காளி இந்த வருஷம் அழுகிவிட்டது, கூரை ஒழுகல் சரி பண்ணியாயிற்று. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டாம், இருந்தாலும் சொல்கிறேன், இது அப்பா வழியில் வருகிற வியாதி, நீயும் வருஷம் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள். ராத்திரி வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அந்த ஊர் வெயிலில் தொப்பி இல்லாமல் கடலுக்குப் போகாதே. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நல்ல மனிதர்களாகவே உன் வழியில் அனுப்பட்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே, இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாயே, டிக்கெட் எடுத்துவிடாதே. பெற்ற தாயே வராதே என்று எழுதுகிறாளே என்று நினைக்காதே. டிசம்பரில் ரோடெல்லாம் பனிக்கு உப்பு கொட்டியிருப்பார்கள், வண்டி துருப்பிடித்துவிடும் என்று அந்த உப்பில் அப்பா ஷெவெலை எடுக்க மாட்டார். உன்னை விமான நிலையத்திலிருந்து அந்த வண்டியில் அவரேதான் கூட்டி வருவாராம், வேறு யார் வண்டியிலும் நீ ஏறக் கூடாதாம். ஆகவே ஜூனில் வா.

என்றும் உன் நினைவாக,
அம்மா நோரீன்