அணுகுண்டுக்கு அசையாத கல்

துபாய்
12-2-1984

அன்புள்ள காஞ்சனாவுக்கு,

பாலைவனச் சக்கரவர்த்தியாகிய, உனக்குத் தாலி கட்டிய மாமா எழுதுவது. தணிகை முருகன் தயவில் சௌக்கியம். உன் முழங்கால் வலியும் நைனாவின் இருமலும் தேவலையா?

இங்கே ஒரு வெள்ளைக்காரர் கருங்கல் தூண் எழுப்புகிறார். அணுகுண்டு விழுந்து உலகமே சாம்பலானாலும் அது நிற்குமாம். நம் கொத்தன் பெருமாள், மலைப்படியில் உபயக்காரர் பெயரை வெட்டுவதுபோல, அதன் அடியில் "ஜெயம்மா, கே.ஜி.கண்டிகை" என்று வெட்டிவிட்டான்! துரை பார்த்துவிட்டார். இவனுக்கு வேலை போச்சு என்று ஆனந்தமாகக் காத்திருந்தேன். அவரோ சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்று போய்விட்டார்.

"உலகமே அழிஞ்சாலும் எம்பொண்டாட்டி பேரு இருக்கும், அண்ணா!"

"படிக்க ஆளு இருக்க மாட்டானேடா!"

"ஆங், இத்த ஜெயம்மாவுக்கு எழுதினேன். நாலு பக்கம் பதில் போட்டுகீறா."

என் வயிற்றெரிச்சலில் இந்த ஊருக்கே சோறு பொங்கலாம். தூண் குண்டுக்கு நிற்குமோ என்னவோ, தபால் வந்து அவன் பெயரை மட்டும் கூப்பிடும்போது என்னால் நிற்க முடியவில்லை.

இங்கிருந்து லீவில் ஊருக்கு வந்திருக்கும் ஆனந்தனிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. பாட்டிலைச் சுற்றக் காகிதம் வேண்டுமே, அதில் ஏதாவது எழுதி வை.

வேலைக்குக் கூட்டிப்போகும் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் மாமா,
நாகராஜன்