பால் பொங்கிய காட்சி

இன்று காலை தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனில் உன் முதல் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை. ஒப்பாரிச் சத்தம் கேட்டதுமே எந்தக் காட்சி என்று தெரிந்துவிட்டது.

நீ செத்து இரண்டு வருடம் ஆகிறது, மச்சான். அந்தக் காட்சி மட்டும் சாகவில்லை.

கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராக நீ அலைந்த காலத்தில் எங்கள் வீட்டு மாடியறையில்தான் தங்கியிருந்தாய். எந்நேரத்துக்கு வந்தாலும் அம்மா உனக்குத் தோசை வார்த்துப் போடுவாள். அப்பா இறந்த அன்று பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நீதான் ஓடினாய். அம்மா அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று கதறினாள். சட்டென்று என் பக்கம் திரும்பி, "டேய், அடுப்புல பால் பொங்குது, அணைடா" என்றாள். மறுபடி காலைக் கட்டிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. நீயும் சிரிக்கவில்லை. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாய்.

அடுத்த வருடம் உன் படம் வெளியானது. எங்களுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தாய். அம்மா எடுத்துவைத்திருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். திரையில் புடவை கட்டிய ஒரு காமெடி நடிகர் பிணத்தின் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். அதே வார்த்தைகள், அடுப்பில் பால் பொங்குவது உட்பட. புறங்கையால் மூக்கைத் துடைப்பதுகூட அம்மா மாதிரியே. தியேட்டரே சிரிப்பில் அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவர், "இன்னொரு தபா போடுப்பா" என்று கத்தினார்.

இடைவேளையில் அம்மா, வீட்டுக்குப் போகலாம் என்றாள். ஆட்டோவில் ஏறியதும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "நான் அப்படியாடா அழுதேன்?" என்று கேட்டாள்.

மறுநாள் உன் ஆபீசுக்கு வந்தேன். அறை முழுக்க மாலைகள். "அது உங்கம்மான்னு யாருக்குடா தெரியும்?" என்றாய்.

"அம்மாவுக்குத் தெரியும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க சிரிச்சாங்களா?" என்று கேட்டாய். அதில் கிண்டல் இல்லை. உனக்கு நிஜமாகவே தெரிந்தாக வேண்டியிருந்தது.

அதன் பிறகு நீ தொட்டதெல்லாம் ஓடியது. உன் டிரைவரின் திக்குவாய் ஒரு படத்தில். உன் மனைவி பிரிந்து போகும்போது சொன்னது இன்னொன்றில், ஒரு வார்த்தை மாறாமல். கடைசியில் உன் எதிரில் யாருமே மனம்விட்டுப் பேசாமல் ஆனார்கள். எடுக்க ஒன்றும் கிடைக்காமல் பழைய காட்சிகளையே திருப்பித் திருப்பி எடுத்தாய். படங்கள் வரிசையாகப் படுத்தன. தயாரிப்பாளர்கள் உன் போனை எடுப்பதை நிறுத்தினார்கள்.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் முகம் ஊதிப்போய்த் தனியாகக் கிடந்தாய். பார்க்க வருகிறாயா என்று அம்மாவைக் கேட்டிருந்தேன். "வேணாம்பா. அவன் முன்னாடி எனக்கு அழுகை வந்துடப் போவுது" என்றாள். அதை அப்படியே உன்னிடம் சொன்னேன். உனக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

கண்ணைத் திறக்காமலே, "நல்ல டயலாக், மச்சான்" என்றாய். அந்த வாரமே போய்விட்டாய்.

போன மாதம் அம்மாவும் போனாள். தலைமாட்டில் நின்றேன். அழப்போனேன். உதடு கோணுவது எனக்கே தெரிந்தது. எதிரே இருந்து பார்த்தால் இது எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அது என் நினைப்பில்லை, உன்னுடையது. வாயை இறுக்க மூடிக்கொண்டேன். "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று சித்தி யாரிடமோ சொன்னாள்.

அம்மாவுக்காக நான் இன்னும் அழவில்லை.