கால் நனையாத கவிதை

ஆர்ச்சிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை நெல்லும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எடின்பரோவில் சௌக்கியமாக இருப்பது பத்திரிகையிலேயே அச்சாகி வந்துவிட்டது, அதனால் விசாரிக்கவில்லை.

உன் கடல் கவிதையைப் போன ஞாயிறு பாதிரியார் பிரசங்க மேடையில் நின்று படித்துத் திட்டினார். அவர் கோபம் வேறு, என் கோபம் வேறு. கடலுக்குக் காது இல்லை, மேலேயும் யாரும் இல்லை, நம்பிக்கை செத்துவிட்டது, மிச்சம் காதல் மட்டும்தான், அன்பே ஜன்னலருகே வந்து என் கையைப் பிடி என்று எழுதியிருக்கிறாய். அந்த அன்பே யாரோ. உனக்கு நிச்சயமாகி நான்கு வருஷமாகக் காத்திருக்கும் எல்ஸ்பெத் இல்லை, அவள் வீட்டில் கடலைப் பார்த்து ஜன்னலே கிடையாது. அதில் என்னை வேறு மணலில் மண்டிபோட்டு அழ வைத்திருக்கிறாய். அப்பா கடைசியாகக் கடலுக்குப் போன அன்று நான் எங்கேடா மண்டிபோட்டேன்? இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரையும் போல இடுப்பளவு தண்ணீரில் அவரை முதுகில் சுமந்து படகில் ஏற்றினேன். ஈரக் காலோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் விறைத்துப்போகும், அதற்காக. பண்ணையார் ஒரு படகுத்துறை கட்டித் தந்திருந்தால் எங்கள் முதுகு தப்பியிருக்கும். கடலுக்குக் காது இல்லை என்று எழுதியவனுக்கு பண்ணையாருக்குக் காது இல்லை என்று எழுத ஏன் கை வரவில்லை? அவர் மேஜையிலும் அந்தப் பத்திரிகை கிடக்கும் என்றா? தள்ளாடாதே கிழவி, என் புகையிலை நனைஞ்சிடும் என்றார் அப்பா. அப்போ இறங்கி நடய்யா என்றேன். சிரித்துக்கொண்டு, இவள் என்னைக் கீழே போடமாட்டாள் என்று, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலைக்குள் வந்தார். நம்பிக்கை என்று நான் கண்டது அது. அது சாகவில்லை, அவர்தான் செத்தார்.

கவிதையை எல்ஸ்பெத்துக்கும் படித்துக் காட்டினாள் நெல். தூண்டில் இரைக்கு மட்டிச்சிப்பி உரித்துக்கொண்டே கேட்ட எல்ஸ்பெத், இதுல நான் எங்க வர்றேன் அத்தை என்று ஒரே தடவை கேட்டாள். வரலம்மா என்றேன். செவ்வாய்க்கிழமை காலை ஊரே பார்க்க ஜேமி ஸ்லேட்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கல்யாணமாகாதவள் ஒருத்தனைச் சுமந்தால் அவனைத்தான் கட்டப்போகிறாள் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி, அது உனக்கு மறந்திருக்காது. அவள் கூடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவள் நான்தான்.

இருமலை விட்டுவைக்காதே, மார்பை மூடிக்கொள். கர்த்தர் உன்னைக் காக்கட்டும், அவர் இல்லை என்று நீ எழுதினாலும் அவர் பெயரில்தான் எனக்கு ஆசீர்வதிக்கத் தெரியும். அவள் கல்யாணத்துக்கு வருவதானால் வா. ஒன்று ஞாபகம் இருக்கட்டும், கப்பலிலிருந்து ஆள் இறக்கும் படகு இன்னும் கரை வரைக்கும் வருவதில்லை. நடந்து வா. உன்னைச் சுமக்க நான் இறங்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மார்கட் ஃப்ளெட்