தேர்வறை வாசலில் நின்றுபோன செய்தி

அனுப்புநர்:
இறுதியாண்டு மாணவி,
நிதியியல் முதுநிலைப் பட்டம் (பகுதிநேரம்),
வார இறுதி வகுப்பு.
(பதிவு எண்ணும் முகவரியும் இணைப்பில் உள்ள நுழைவுச்சீட்டு நகலில் காண்க.)

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தேர்வுத் துறை.

பொருள்: தேர்வு நேரத்தில் என் அக்காவின் உயிர் ஆபத்து குறித்து வந்த செய்தி எனக்குத் தெரிவிக்கப்படாதது – இனி எவருக்கும் இவ்வாறு நேராதிருக்க விதி வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் முதல் மனுவுக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் கணக்கு உதவியாளராகப் பணிபுரிகிறேன். கணவரைப் பிரிந்தபின் என் மகளுடன் அக்கா வீட்டில் வசித்து வருகிறேன். அக்கா அதன் முன்னறையில் தையல்கடை நடத்தி வந்தார். மாமா தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் மகளைத் தன் மகளாகவே அக்கா வளர்த்தார்.

2. இந்தப் படிப்பில் நான் சேர்ந்ததே அக்காவால்தான். எனக்குப் பின் வேலைக்கு வந்தவர்கள் எனக்கு மேலதிகாரிகளானதைச் சொல்லி ஒருநாள் வீட்டில் புலம்பினேன். மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு விண்ணப்பம் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். சனி, ஞாயிறு வகுப்புகளின்போது என் மகள் தையல்கடையில்தான் இருப்பாள். நான் படிக்க முடியாமல் சோர்ந்து உட்காரும்போதெல்லாம், "நீ வட்டிக் கணக்கைப் போடு, நான் வட்டக் கழுத்தை வெட்டுறேன். யாரு முதல்ல முடிக்கிறோம்னு பாப்போம்" என்பார். எப்போதும் அவர்தான் முதலில் முடிப்பார்.

3. இடர் மேலாண்மைத் தாளின் தேர்வுக்கு முன்தினம் அக்காவுக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டு, தேர்வு மையத்துக்குப் பின் தெருவிலுள்ள மருத்துவமனையில் சேர்த்தோம். இதய வால்வில் கோளாறு என்றார்கள். நான் தேர்வுக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். காலையில் வந்த மருத்துவர் நிலைமை சீராக இருப்பதாகக் கூறினார். அக்கா கோபித்துக்கொண்டார். "போய் எழுதிட்டு வா. நான் என்ன எழுந்து ஓடியா போயிடப் போறேன்? பாதியில எழுந்து வந்தே, இந்தப் பக்கமே வராதே" என்றார். நுழைவுச்சீட்டில் அச்சிட்டிருந்த மைய அலுவலகத் தொலைபேசி எண்ணை மாமாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, என் கைப்பேசியை விதிப்படி வாசலில் ஒப்படைத்து உள்ளே சென்றேன்.

4. தேர்வு தொடங்கிச் சிறிது நேரத்திலேயே அக்காவின் நிலைமை மோசமானது. மாமா மைய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, என் பதிவு எண்ணைச் சொல்லி, உடனே அனுப்பிவைக்குமாறு வேண்டினார். அலுவலக உதவியாளர் அதை ஒரு துண்டுத்தாளில் எழுதித் தலைமைக் கண்காணிப்பாளரிடம் தந்திருக்கிறார். அவர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாமா மறுபடியும் அழைத்தார். "சொல்லியாச்சு, வந்துடுவாங்க" என்று பதில் கிடைத்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை.

5. ஐயா, அன்று நான் எழுத வேண்டியதை முன்னதாகவே முடித்துவிட்டேன். எழுந்து வந்திருக்கலாம். அக்கா திட்டுவாரே என்று உட்கார்ந்திருந்தேன். கூட்டலைச் சரிபார்த்தேன். பிறகு ஒவ்வொரு விடைக்கும் கீழே அளவுகோல் வைத்து அழகாக அடிக்கோடு போட்டேன். அந்த நேரத்தில் என் அக்கா பின் தெருவில், கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பி, "வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததாகச் செவிலியர் சொன்னார். மாமா ஒவ்வொரு முறையும், "தோ, படி ஏறிட்டு இருக்கா" என்று சொல்லியிருக்கிறார். இதைத் தங்களுக்கு எழுத என் கை வரவில்லை. எழுதாவிட்டால் நடந்தது என்னவென்று தங்களுக்குத் தெரியாமல் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

6. மணி அடித்து வெளியே வந்ததும் தலைமைக் கண்காணிப்பாளர் என் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். "நல்லா எழுதினீங்களாம்மா?" என்றார். நன்றாக எழுதியதாகச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அதன் பிறகே துண்டுத்தாளைக் கொடுத்தார். பையையும் கைப்பேசியையும் வாங்காமல் ஓடினேன். வார்டு வாசலில் மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழ முயன்றார், முடியவில்லை. அக்காவின் கை அப்போதும் சூடாக இருந்தது.

7. என் முதல் மனுவுக்குத் தங்கள் அலுவலகம், "தேர்வு விதிகளில் மீறல் ஏதும் நிகழவில்லை" என்று பதில் அனுப்பியுள்ளது. தேர்வறைக்குள் வெளித்தகவல் எதுவும் செல்லக்கூடாது என்ற விதியும் அதில் சுட்டிக்காட்டப்பட்டுள்ளது. ஐயா, அந்த விதி காப்பியடிப்பதைத் தடுக்க வந்தது என்று நினைக்கிறேன். அக்கா சாகக் கிடக்கிறாள் என்பது எந்த வினாவுக்கும் விடை அல்லவே.

8. தலைமைக் கண்காணிப்பாளர் மீது நடவடிக்கை எடுக்க நான் கோரவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். "பகுதிநேரப் பிள்ளைங்களுக்கு ஒரு தாளுக்கு வருஷத்துக்கு ஒரே பரீட்சை. பாதியில கிளம்பினா ஒரு வருஷம் போயிடுமேன்னு நெனச்சேன்மா. என் பொண்ணா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன்" என்றார். மாமா அவருக்கு நாற்காலி போட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். ஆனால் ஒரு வருடம் பெரிதா, அக்கா பெரிதா என்று அன்று முடிவு செய்ய வேண்டியவள் நான். எனக்காக இன்னொருவர் முடிவு செய்துவிட்டார். அதை இனி எந்த நீதிமன்றத்தாலும் மாற்ற முடியாது.

9. தேர்வு முடிவு வந்தது. அந்தத் தாளில் எங்கள் பிரிவிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. அலுவலகத்தில் கைதட்டினார்கள். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த விடைத்தாளை ரத்து செய்துவிடும்படி தங்களுக்கு ஒரு மனு எழுதினேன். மாமா அதை வாங்கிப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். "அவ உயிர் இருந்த நேரத்துல எழுதினது அது. அதையும் இல்லாம ஆக்கிடாதே" என்றார். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். ஆகவே அந்தக் கோரிக்கையைக் கைவிட்டேன்.

10. இன்னும் ஒரு தாள் எனக்குப் பாக்கி உள்ளது. படிக்க உட்கார்ந்தால் தையல் இயந்திரத்தின் சத்தம் இல்லாத வீடு என்னை எழுப்பிவிடுகிறது. இருந்தாலும் எழுதுவேன். நுழைவுச்சீட்டில் அதே மையம் குறிப்பிடப்பட்டிருக்கிறது. மையத்தை மாற்றித் தரும்படி நான் கேட்கவில்லை.

11. தங்களிடம் நான் பணிந்து வேண்டுவது இவ்வளவே. தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் குடும்பத்தில் உயிர் ஆபத்து என்று செய்தி வந்தால், உண்மைதானா என்று திருப்பி அழைத்துக் கேளுங்கள். கேட்டபின், தாமதிக்காமல் அவரிடம் சொல்லுங்கள். இருப்பதா, எழுந்து போவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். போகிறவருக்கு அந்தத் தாளை அடுத்த வருடம் வரை காக்க வைக்காமல் மறுபடி எழுத ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அப்படி ஒரு வாய்ப்பு இருந்திருந்தால் அந்தப் பெரியவரும் துண்டுத்தாளைச் சட்டைப்பையில் வைத்திருக்க மாட்டார்.

12. அடுத்த மாதம் தேர்வு நாளில் என் மகளை மாமாவிடம் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அவள் இப்போதெல்லாம் நான் செருப்பு மாட்டினாலே, "அம்மா, நான் கூப்பிட்டா உனக்குக் கேக்குமா?" என்கிறாள். கேட்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் கதவுக்கு உள்ளே நான் போவதற்கு முன், அவளுக்கு ஒரு பதில் சொல்லத் தங்கள் ஆணை ஒன்று வேண்டும் ஐயா.

இணைப்பு: நுழைவுச்சீட்டு நகல், அக்காவின் இறப்புச் சான்று நகல்.

தங்கள் பதிலை எதிர்நோக்கி,
மிகுந்த மரியாதையுடன்,

(கையொப்பம்)
மாணவி

நாள்: அக்டோபர் 9
இடம்: அக்காவின் இல்லம்