கோரஸ்: நால்வர்

அன்புள்ள குச்சிக்கு,

'அன்புள்ள' என்று எழுதியது கைப்பழக்கம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறை கனமாக இருக்கிறதே என்று சந்தோஷமாகப் பிரித்தேன். நான் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு வரி. 'அந்தப் பாட்டைப் பாடியது இவள்தான், நான் பக்கத்தில் நின்றேன்' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. நீ அனுப்பியிருப்பது நாலு பக்கம். நாலு பக்கமும் 'கோரஸ்' என்ற சொல்லின் பூர்வீகம்! கையெழுத்து எங்கே, எங்கே என்று புரட்டிக்கொண்டே போனால், கடைசியில் 'உன் ஆருயிர்த் தோழி' என்பதற்குக் கீழே இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ப் பாடகர் சங்கத்தில் காட்டவா?

அகராதி ஆபீசில் மெய்ப்புத் திருத்தப் போய் முழுசாக எட்டு மாதம் ஆகவில்லை. அதற்குள் எனக்கே பாடம் எடுக்கிறாய். பதினெட்டு வருஷம் ஒரே மைக்கில் நாலு பேராக நின்று 'ஆ... ஆ...' என்று பாடியவள்தானே நீயும்? அப்போதெல்லாம் கோரஸ் எங்கே பிறந்தது என்று ஒரு நாளாவது யோசித்தாயா? டீ எப்போது வரும் என்றுதானே யோசித்துக்கொண்டிருந்தாய்.

வீட்டு நிலவரமும் சொல்லிவிடுகிறேன். நான் பேசாமல் இன்றோடு பன்னிரண்டு நாள். தொண்டையில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி. அடுத்த மாதம் ஆபரேஷன். அதுவரை பேசவும் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதுகிறேன். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரைக் கரண்டியால் தட்டுகிறேன். வீட்டுக்காரர் பைண்டிங் கடையிலிருந்து வந்து உட்கார்ந்து, இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்து தான் பார்த்ததே இல்லை என்றார். கரண்டியை அவர் மேலேயே எறிந்தேன். ஆபரேஷன் முடிந்தால் பேச்சு வந்துவிடும் என்று டாக்டர் சொல்கிறார். பாட்டு வருமா என்று எழுதிக் காட்டினேன். அவர் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது அடங்கும். பெரிய பாடகிக்கு மெட்டுச் சொல்லிக்கொடுக்க, நம்மில் ஒருத்தி முதலில் முழுப் பாட்டையும் பாடி டிராக் போட்டு வைப்போம். அவர்கள் வந்து அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடியதும் நம்முடையதை அழித்துவிடுவார்கள். அதற்கு நான் என்றைக்காவது முகம் சுளித்திருக்கிறேனா? தொழில் அது. ஆனால் அன்றைக்கு அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பல்லவியை மட்டும் பாடிவிட்டுக் காரில் ஏறிப் போனாள். மீதியெல்லாம் என் டிராக். இசையமைப்பாளர் அப்படியே இருக்கட்டும் என்றார், ஒலிப்பதிவு மேஜையில் இருந்த உன் அண்ணன் இரண்டு குரலையும் அப்படியே கலந்து வைத்தார், பாட்டு வெளியே வந்தது. இப்போது மூலைக்கு மூலை, பஸ்ஸுக்கு பஸ், அதுதான் ஓடுகிறது. இசைத்தட்டு அட்டையில் பாடியவர் என்று அவள் பெயர். அடியில் பொடி எழுத்தில், கோரஸ்: நால்வர். நமக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்ணிக்கைதான்.

இந்த வருஷத்தின் சிறந்த பாடகி விருதையும் அந்தப் பாட்டுக்காக அவளுக்கே கொடுக்கப் போகிறார்களாம். கொடுக்கட்டும். மாலை போட்டு ஊர்வலமே விடட்டும்! சரணங்களைப் பாடியவள் என்று என் பெயரையும் அட்டையில் போடு என்பதுதான் நான் சங்கத்தில் கொடுத்த மனு. அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? அந்தச் சரணத்தை இங்கேயே பாடிக் காட்டு, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்கிறார்கள். இந்தத் தொண்டையோடு நான் எங்கே பாடுவது? ஆபரேஷன் வரை தள்ளிவையுங்கள் என்றால், விருது நாள் குறித்தாகிவிட்டது என்கிறார்கள். அதனால்தான் சாட்சி கேட்டேன். நம் நாலு பேரில் கோடியில் நிற்பாளே, அந்தக் கோடிக்காரி 'சரியாக ஞாபகம் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சின்னவளும் அதையே, எழுத்துக்கு எழுத்து, அதே பேனாவால். போகட்டும், அவர்கள் அன்றைக்குப் பக்கத்து அறையில் இருந்தார்கள். நீ எங்கே இருந்தாய்?

உன் நாலு பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். வேலை என்ன இருக்கிறது எனக்கு! கோரஸ் என்றால் முதன்முதலில் பாட்டே இல்லையாம், கிரேக்கர்களிடம் அது வட்டமாக நின்று ஆடும் ஆட்டமாம். பிறகு ஆடிப் பாடும் கூட்டத்துக்குப் பேராம். அப்புறம் இங்கிலீஷுக்கு வந்து, நாடகத்துக்கு முன்னுரை சொல்லும் ஒற்றை ஆளுக்கும் பேராகி, கடைசியில்தான் சேர்ந்து பாடுகிறவர்களும், எல்லோரும் கூடச் சேர்ந்துகொள்ளும் வரிகளுமாக ஆனதாம். ஆகவே அந்தச் சொல்லுக்காக நான் வெட்கப்படக் கூடாதாம். நான் எப்போதடி வெட்கப்பட்டேன்? ஆட்டமாமே, ஆட்டம்! காலை நகர்த்தினால் பலகை கிறீச்சிடும் என்று வெறுங்காலோடு கட்டைபோல நின்றவர்கள் நாம். மைக்கைச் சுற்றி உன் அண்ணன் சாக்பீஸால் போட்ட வட்டம்தான் நமக்குத் தெரிந்த வட்டம். உன் குரல் துளைக்கும் என்று உன்னை ஒரு அடி பின்னால் நிறுத்தி, உனக்கு மட்டும் தனிக் கோடு போடுவார். நீ அதைத் தாண்டித் தாண்டி வந்து திட்டு வாங்குவாய்.

மூன்றாம் பக்கத்தில்தான் எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. அந்தப் பழைய நாடகங்களில் கோரஸ் கூட்டம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மேடையைவிட்டுப் போகாமல் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்கும், ராஜா தப்பு செய்தால் சில சமயம் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடிக்கோடு வேறு! அடிக்கோடு போடும்போது உனக்குக் கை கூசவில்லையா? எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவள் நீ. வாயைத் திறக்காதவளும் நீ. அதே கடிதத்தில் எனக்குக் கோரஸின் பெருமையைச் சொல்லித் தருகிறாய்.

இரண்டாம் சரணத்தில் அந்த நீள வரி. பாதியில் மூச்சு வாங்கிவிடுவேன் என்று, பாட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, நீ என் முழங்கையைக் கிள்ளுவாய். அன்றைக்கு நகம் பதியக் கிள்ளிவிட்டாய், பிசாசே. கடைசிச் சொல்லுக்கு முன்னால் என்னை அறியாமல் 'ம்' என்று ஒரு சத்தம் வந்துவிட்டது. டிராக்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று உன் அண்ணன் விட்டுவிட்டார். போன வாரம் டிவியில் அந்த அம்மா உட்கார்ந்து சொல்கிறாள், அந்த இடத்தில் தனக்கு அழுகையே வந்துவிட்டது, அந்த 'ம்' தன் ஆத்மாவிலிருந்து வந்தது என்று. ஆத்மாவாம்! உன் நகம் என்று கத்த வாயெடுத்தேன், வீட்டுக்காரர் ஓடி வந்து என் வாயைப் பொத்திவிட்டார்.

நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. உண்மை வெளியே வந்தால் இசையமைப்பாளர் கையைக் கழுவிவிட்டு எல்லாவற்றையும் உன் அண்ணன் தலையில் கட்டுவார். அண்ணனுக்கு வேலை போகலாம். வீட்டில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். இதையெல்லாம் யோசித்து யோசித்து எனக்கும்தான் சோறு இறங்கவில்லை. ஆனால் அதை நீ எனக்கு நேராக எழுதியிருக்கலாம். 'என்னால் முடியாதடி, அண்ணன் இருக்கிறார்' என்று இரண்டு வரி. நான் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், அப்புறம் விட்டிருப்பேன். கிரேக்கர்களை அழைத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்திவிட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அண்ணன் நேற்றுச் சாயங்காலம் இங்கே வந்திருந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்னால்தான் பேச முடியாதே. நன்றாகக் கேள், எங்கள் டேபிள் ஃபேன் கடகடவென்று சத்தம் போடுவது பொறுக்காமல், ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கிச் சரிசெய்துவிட்டுப் போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது விசாரணை எத்தனை மணிக்கு என்று கேட்டார். சீட்டில் 'வெள்ளி, பதினொன்று' என்று எழுதிக் காட்டினேன். என் பேனாவை வாங்கி அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.

நீ இருக்கும் ஊரில் குளிர் அதிகமாமே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. தூசி பிடித்த காகிதங்களுக்கு நடுவில் உட்காருகிறாய், வெந்நீர் குடி. தொண்டை லேசாகக் கரகரத்தாலும் டாக்டரிடம் போய்விடு, என்னைப்போல 'அப்புறம் பார்க்கலாம்' என்று இருக்காதே.

இனிமேல் எனக்குக் கையெழுத்து வேண்டாம். நீ நேரில் வா. வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வந்தால் பதினொரு மணிக்குள் சேர்ந்துவிடலாம், நான் விசாரித்துவிட்டேன். வந்து எப்போதும்போல என் பக்கத்தில் உட்கார். அங்கே அந்தப் பாட்டைப் போடுவார்கள். இரண்டாம் சரணம் வரும், அந்த நீள வரி வரும். என் முழங்கை அங்கேயேதான் இருக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் கிள்ளிக்கொள். ஆனால் இந்தத் தடவை என்னிடமிருந்து சத்தம் வராதடி. நீதான் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மைக்கில் உன் பக்கத்துக்காரி