தட்டிப் பார்க்க முடியாத நிலா

11.2.2003

அன்புள்ள அப்பாவுக்கு, தமிழரசி எழுதுவது. இந்தக் குளிர் நாட்டில் நான் நலம். விருத்தாசலத்து வெயிலில் உங்களுக்குப் பீங்கான் சூளை வேலை வேறு. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

நேற்று வகுப்பில் வியாழனின் பனி நிலா ஒன்றின் படம் காட்டினார்கள். பீங்கான் பூச்சு வெடித்ததுபோல மேலெல்லாம் கோடுகள். பனிக்கு அடியில் கடல் இருக்க வேண்டும் என்கிறார்கள்; பார்த்தவர் யாருமில்லை. "எங்கப்பா தட்டிப் பாத்தா உள்ள என்னன்னு சொல்லிடுவாரு" என்று சொல்லிவிட்டேன், தமிழில். யாருக்கும் புரியவில்லை. நானே சிரித்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த உங்கள் கோப்பை உடைந்துவிட்டது. சூளையில் நீங்கள் கழித்துப் போட்டதில் ஒன்று அனுப்பினால் போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. போன் ஏன் வரவில்லை என்று யோசிப்பீர்கள். ஒரு தட்டுத் தட்டி ஓசையைக் கேட்டதுமே "இதுல விரிசல் இருக்குது" என்று கோப்பையை ஒதுக்கி வைப்பீர்களே, என் குரலைக் கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழரசி