கூட வந்தவர்களுக்குக் காபி

ஆகஸ்ட் 4, திங்கள்

காற்று. ஷட்டரைத் தூக்குவதற்குள் கண்ணெல்லாம் மண். ஆடி முடியும்வரை இப்படித்தான். நேற்று பதினெட்டாம் பெருக்குக் கூட்டம், இன்று ஈ ஓட்டினோம். கலைத்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கவே மதியம் ஆகிவிட்டது. கணுக்கால் வீக்கம் வற்றவில்லை. கடை ஆட்களுக்கு உட்கார இடம் தரணும் என்று சட்டம் வந்த பிறகு மாடிக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அதில் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

தீபாவளிக்கு ஆள் எடுக்கிறார்கள். சேலைப் பிரிவுக்கு இரண்டு பெண்கள். வியாழக்கிழமை இன்டர்வியூ. இந்த முறை முதலாளியின் மருமகள் திவ்யா மேடமும் உட்காரப் போகிறார். எம்.பி.ஏ. படித்தவர், கல்யாணமாகி வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. "வசந்தி, நீயும் பக்கத்துல நில்லு. மேடத்துக்கு நம்ம வழக்கம் தெரியணும்ல" என்றார் முதலாளி. சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொள்ள இன்றைக்குத்தான் ஒரு காரணம் கிடைத்தது.

உடனே அபி ஞாபகம். பக்கத்துப் போர்ஷன் ராணி அக்காவின் மகள் அபிநயா. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அப்பா திருப்பூருக்குப் போனவர் போனவர்தான். ராணி அக்கா சித்தாள் வேலை பார்த்துப் படிக்க வைத்தது. பங்குனியில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும்தான். அபிக்கு இந்த வேலை கிடைத்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன்.

"என்னைய எடுப்பாங்களா அத்தை?"

"எடுக்காம? நான் இருக்கேன்ல."

ரேஷனில் பருப்பு வந்துவிட்டதாம். நாளை போகணும்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

பருப்பு இல்லை. வந்தது, தீர்ந்துவிட்டது.

அபிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவை:
நகம். வளர்ந்திருந்தால் பட்டில் மாட்டும்.
சேலையை விரிக்கும்போது முந்தி முதலில், உடல் அப்புறம்.
எடுத்த எடுப்பில் "என்ன வெலைல பாக்குறீங்க" கூடாது. ஆளைக் கூச வைக்கும்.
சாய்ந்து நிற்கக் கூடாது.
திட்டினாலும் சிரிப்பு. அழுகை வந்தால் ஸ்டாக் ரூம்.

ஆள் எடுக்கிறவர்கள் பார்ப்பது இதைத்தான். என்னை எடுத்தது மடிப்புக்காக. அப்பா இறந்த வருஷம், அம்மாவோடு போனேன். முதலாளி ஒரு பட்டைப் பிரித்துப் போட்டு மடிக்கச் சொன்னார். மடித்தேன். "நாளைக்கே வந்துரும்மா" என்றார். அம்மா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லித் தீரவில்லை. "ஒரே மடிப்புல வேல வாங்குனவ எம் மக." தெருக்குழாயில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வார்டில்கூட, பக்கத்துக் கட்டில்காரியிடம்.

என் பழைய பட்டைக் கொடுத்து அபியை மடிக்கவிட்டேன். முதல் தடவை கோணல். நாலாவது தடவை என்னைவிட நன்றாக. கொஞ்சம் பொறாமைகூட வந்தது.


ஆகஸ்ட் 6, புதன்

துணைக்கு யார் போவது என்று பேச்சு. ராணி அக்காவால் முடியாது. நான்தான். கடை ஆளாக நிற்காமல், பெண்ணோடு வந்தவளாக உட்காரப் போகிறேன்.

முதலாளியிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். பெண்ணோடு யார் வந்தாலும் நாற்காலி போட்டுக் காபி சொல்வார். ஊர் எது, திருவிழா எப்போ, அண்ணன் தம்பி உண்டா, மாமன் என்ன செய்கிறார் என்று விசாரிப்பார். பெண்ணோடு பேசுவது அஞ்சு நிமிஷம், கூட வந்தவர்களோடு அரை மணி. மற்ற கடைகளில் துணைக்கு வந்தவர்கள் வாசலில் வெயில் காய வேண்டியதுதான். "எங்க மொதலாளி மாதிரி வராது" என்று எங்கள் திருக்கோகர்ணம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.


ஆகஸ்ட் 7, வியாழன்

மாம்பழக் கலர் சேலை கட்டினேன். அம்மா காரியத்துக்கு அப்புறம் இப்போதுதான்.

"என்ன வசந்தி, இன்னைக்கு அங்கிட்டு உக்காந்துட்ட?" என்று சிரித்தார் முதலாளி. "சரி, காபி ஒனக்குத்தான்."

அபி பின்னிவிட்டாள். மடிப்பு கத்தி. மேடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நிமிர்ந்து பதில், நடுவில் ரெண்டு வரி இங்கிலீஷ். மேடம் தாளில் டிக் போட்டுக்கொண்டே போனார். வளர்த்தது ராணி அக்கா, பூரிப்பு எனக்கு.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பிள்ளைக்கு யாரு இருக்கா?"

இளக்காரமாக நினைத்துவிடக் கூடாதே என்று இருந்தது. "அம்மா முடியாம இருக்காங்கய்யா. ஆனா நாதியத்த பிள்ளை இல்லைங்க. நான் இருக்கேன், எம் பிள்ளை மாதிரி. சித்தப்பா அறந்தாங்கில போலீஸா இருக்காரு. ஒண்ணுன்னா ஓடி வந்துருவாரு."

அந்தச் சித்தப்பா பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. இருந்தாலும் போலீஸ் என்றால் ஒரு மதிப்புதானே.

"அப்படியா, ரொம்ப நல்லது. காபியக் குடி. சொல்லி அனுப்புறோம்."

எங்களுக்கு அப்புறம் கட்டுமாவடியிலிருந்து ஒரு பெண், தனியாக வந்திருந்தாள். சேலையைப் போர்வை மாதிரி சுருட்டி வைத்தாள். பதிலில் பாதி தொண்டைக்குள்ளேயே. அப்பா கடலில் போனவராம், அம்மா அதற்கும் முன்னாலேயே. பாவம் என்று நினைத்தேன். தேறாது என்றும் நினைத்தேன்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி நோன்பு. காலையிலிருந்து ரவிக்கைத் துணிக் கூட்டம். சாப்பிடும்போது மணி நாலு.

அபி இல்லை. எடுத்தது கட்டுமாவடிப் பெண்ணையும், கண் தெரியாத அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டி வந்த இன்னொரு பெண்ணையும்.

எப்படித் தெரிந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினால் கொஞ்சம் இறங்குமா பார்ப்போம்.

கல்லாவுக்குப் பின்னால் குனிந்து விலைச்சீட்டுக் கோத்துக்கொண்டிருந்தேன். மேடம் தாளோடு வந்தார். "மாமா, அபிநயாதான் ஃபர்ஸ்ட். எல்லாத்துலயும் டிக். அவளைப் போய் விட்டுட்டீங்களே?"

முதலாளி குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. நான் அங்கே இருப்பது தெரியும். தெரிந்தால் என்ன, கல்லா மேஜையும்தான் அங்கே இருக்கிறது.

"மடிப்பெல்லாம் பத்து நாள்ல வந்துரும்மா. மடிக்கத் தெரியாட்டி சொல்லிக் குடுத்துக்கலாம். கேக்க ஆளு இருக்கற பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? ஒரு நாள் லேட்டா விட்டா மாமன் வந்து நிப்பான். சீசன்ல லீவு இல்லைன்னா சித்தப்பன் வந்து நிப்பான். இதுல போலீசு வேற. பிள்ளையப் பாக்காத, கூட வந்த ஆளப் பாரு. காபி குடுக்கறது எதுக்குன்ற?"

மேடம் என்னைப் பார்த்தார். "அப்ப வசந்திக்காவ எப்படி எடுத்தீங்க?"

"இவ அம்மா வந்துச்சு. சேர் நுனியில உக்காந்துச்சு. யாரும்மா இருக்கான்னு கேட்டேன். எங்களுக்கு யாருங்கய்யா இருக்கான்னு அழுதுருச்சு. அப்பவே எடுத்துட்டேன். சேலைய சும்மா ஒரு இதுக்குக் குடுத்தேன். இன்னை வரைக்கும் இவளுக்காக ஒரு ஆளு படியேறி வந்து ஒரு வார்த்த கேட்டதில்ல. தங்கமான பிள்ளை. என்ன வசந்தி?"

"ஆமாங்கய்யா" என்றேன்.

ஸ்டாக் ரூமுக்குப் போனேன். அழுகை வரவில்லை. அம்மா ஊரெல்லாம் சொன்னாளே, அந்த மடிப்பை அவர் பார்க்கவே இல்லை. அம்மா அழுததைத்தான் பார்த்திருக்கிறார்.

போன தீபாவளிக்கு அம்மா பெரியாஸ்பத்திரியில். லீவு கேட்டேன். "சீசன் முடியட்டும் வசந்தி" என்றார். சரி என்றேன். ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்கு முகூர்த்தப் பட்டு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது வார்டிலிருந்து போன். முழுச் சேலையும் காட்டி, மடித்து வைத்துவிட்டுத்தான் போனேன். அண்ணனோ தம்பியோ இருந்து, ஒரு தடவை வந்து மேஜையைத் தட்டியிருந்தால் நான் அம்மா பக்கத்தில் இருந்திருப்பேன்.

நேற்று நான் அபிக்காக உட்கார்ந்ததே அவள் வேலைக்கு உலை வைத்தது. என் வாயால்.


ஆகஸ்ட் 9, சனி

லேசான தூறல், மண் வாசனைகூட வரவில்லை.

அபியிடம் "இந்தத் தடவ இல்லையாம்" என்று மட்டும் சொன்னேன். முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் கருப்பா இருக்கேன்னா அத்தை?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன என்ன குறை? சொல்லுங்க, மாத்திக்கிறேன்."

ராணி அக்கா உள்ளேயிருந்து, "ஒனக்கு அங்க ஒரு மதிப்பு இருக்குன்னுல்ல வசந்தி நெனச்சுக்கிட்டிருந்தோம்" என்றது. குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நானும்தான்.

இந்தக் கடையை விட்டுவிட்டால்? இந்த வயசில், இந்தக் காலோடு, யார் எடுப்பார்கள். இல்லை, எடுப்பார்கள். முன்னாலாவது அம்மா இருந்தாள்.

சீயக்காய், ஊதுபத்தி, மாத்திரை.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஞாயிறும் கடை உண்டு. சாப்பாட்டு வேளையில் கேள்விப்பட்டது: பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் பாத்திரக்கடையில் பில் போட ஆள் வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை காலையில் வரச் சொல்கிறார்கள்.

வந்து அபியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"செவ்வாக்கெழம நீ மட்டும் போ. நான் உள்ள வரமாட்டேன்."

"ஏன் அத்தை?"

"கூட யாரு வந்திருக்கா, வீட்டுல யாரு இருக்கான்னு கேப்பாங்க. அம்மா மட்டுந்தான், நடக்க முடியாது, வேற யாரும் இல்லைன்னு சொல்லு."

"நீங்க இருக்கீங்களே?"

"நான் இல்லைன்னு வச்சுக்க."

அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் கல்லாப் பேச்சு முழுவதையும் சொன்னேன், என் அம்மா அழுததையும் சேர்த்து. அவளுக்கு என் மேல் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் கணுக்காலில் தைலம் தேய்த்துவிட்டாள்.

"போலீஸ்காரச் சித்தப்பாவ என்ன பண்றது?" என்றது ராணி அக்கா, கட்டிலில் படுத்தபடி.

"அவரு எப்பவும் இல்லாதவருதானக்கா."

மூன்று பேரும் சிரித்தோம். ராணி அக்காதான் முதலில் நிறுத்தியது.

நாளை சொல்லிப் பழக்க வேண்டும். அபிக்குப் பொய் சொன்னால் காது துடிக்கும்.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடையில் அரை நாள் கேட்டிருந்தேன். முதலாளி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒனக்கு என்ன வேல இருக்கு வெளிய?" என்றார். ஆஸ்பத்திரி என்றேன். கொடுத்தார்.

வெயில் சுள்ளென்று. பாத்திரக்கடைக்கு எதிரே ஜூஸ் கடை நிழலில் நின்றேன். அபி தனியாக உள்ளே போனாள். பழைய சுடிதார், காதில் ஒன்றும் இல்லாமல். அப்படிப் போகச் சொன்னதும் நான்தான்.

லெமன் ஜூஸ் வாங்கினேன், குடிக்க முடியவில்லை.

ரொம்ப நேரம் கழித்து வந்தாள். மேனேஜர் வாசல்வரை வந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டினாள். படியிறங்கி ரோட்டைக் கடந்து என்னை நோக்கி வந்தாள். என் கை தானாக உயரப் போனது, அடக்கிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தாள். யாரோ ஒரு பொம்பளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள். நான் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன். திருப்பம் தாண்டித்தான் நின்றாள்.

"எடுத்துட்டாங்க அத்தை. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

"கேட்டாங்களா?"

"அதத்தான் மொதல்ல கேட்டாங்க. அம்மாவத் தவிர யாரும் இல்லைன்னேன். அப்படியான்னு ரொம்ப அன்பாப் பேசினாங்க."

"காது துடிச்சுச்சா?"

"இல்லத்தை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதான் எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். என் தோளில் சாய்ந்துகொண்டாள். அடுத்த ஸ்டாப்பில் அந்தப் பாத்திரக்கடை யூனிஃபார்ம் போட்ட பெண் ஒருத்தி ஏறினாள். அபி சட்டென்று எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள். திருக்கோகர்ணம் வரை திரும்பவில்லை.